அல்பத்திலிருந்து கன்வஸுக்கு: பழைய குடும்பப் படத்தை ஓவியமாக்குதல்

திருகோணமலையில் ஒரு வீட்டு அலுமாரியைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று வகைப் படங்கள் வரும். ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 1970, 80களில் எடுத்து, இப்போது செங்கல் நிறத்துக்குப் போய்விட்ட கலர்ப் படம். போனில் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிச் சுருங்கிப்போன படம். மூன்றையும் ஓவியமாக்கலாம். பின்னணியை மாற்றலாம், சீலை நிறத்தை விசாரித்துப் போடலாம், இடைஞ்சலான கதிரையைத் தூக்கிவிடலாம். முகத்தில் மட்டும் ஊகம் கூடாது. கீழே வரும் வேலைகளில் பாதிக்கு மேல், முகத்தில் இருக்கும் கொஞ்சத் தகவலையும் சிந்தாமல் கன்வஸ் வரை கொண்டுபோவதற்கானவை.

கணக்குக்கு ஒரு படத்தை வைத்துக்கொள்வோம்: 3½ × 5 அங்குலக் கலர்ப் படம், உப்புவெளிக் கடற்கரையில் ஓர் அப்பாவும் பிள்ளையும், எண்பதுகளில் எடுத்தது. இதை 14 × 20 அங்குல அக்ரிலிக் ஓவியமாக்க வேண்டும்.

கையில் எடுக்கும்போது

இங்கே படங்களுக்கு முதல் எதிரி ஈரம். மாரியில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். பூஞ்சணம் அதைத் தின்றபின் அது தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும். அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சணத்தோடு கன்னமும் சேர்ந்து வந்துவிடும். எச்சில், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். படத்தை ஒரு நாள் காற்றாட வைத்துக் காய்ந்த பிறகு, மென்மையான உலர்ந்த பிரஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. போகாத கறையைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள். ஓரம் வருகிறதே என்று இழுத்தால் நடுவில் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடிக்க வேண்டியதுதான். ஒட்டும் பசைத் தாள் கொண்ட அல்பம் வேறு சங்கதி. மேலே உள்ள பிளாஸ்டிக்கைத் திறந்து, பல்லிடுக்கில் இழுக்கும் நூலையோ மிக மெல்லிய தங்கூசியையோ (நைலோன் தூண்டில் நூல்) படத்துக்கும் தாளுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல ஆறுதலாக நகர்த்தினால் பல படங்கள் கழன்று வரும். படம் வளையத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, அல்பத்தில் இருந்தபடியே பிரதி எடுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்த படக் கட்டுகள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க வீட்டில் முயல வேண்டாம். மேலே தெரியும் படத்தை மட்டும் பிரதி எடுத்துவிட்டு, கட்டை உலர்ந்த இடத்தில் அப்படியே வையுங்கள்.

ஸ்கேன்

கொமியூனிகேஷன் கடையில் “ஒரு ஸ்கேன்” என்று சொன்னால், பெரும்பாலும் எழுத்துத் தாளுக்கான அளவில், அங்குலத்துக்கு 200 அல்லது 300 புள்ளியில் எடுத்துத் தருவார்கள். அது போதாது. சாதாரணப் படத்துக்கு 600, பாஸ்போர்ட் அளவுக்கு 1200 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பு, தகவலை இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். காரணம் கறை. கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சனல்களாக, அதாவது தனித்தனி நிறப் பிரதிகளாக, இருக்கும். மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல சனலில் கருமையாகத் தெரியும், சிவப்பு சனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். சிவப்பு சனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதிக் கறை கை வைக்காமலே போய்விடும். முகத்தின்மேல் நீல மையில் ரப்பர் முத்திரை விழுந்திருந்தால் மறுவளமாக, நீல சனலை எடுக்க வேண்டும்.

நம் படம் 600 புள்ளியில் 2100 × 3000 பிக்சல் வரும். அதை 20 அங்குல உயரத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 150 பிக்சல். கன்வஸ் அச்சுக்குக்கூட அது போதும், பார்த்து வரைவதற்குத் தாராளம். ஆனால் மொத்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். முகத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். கடற்கரையில் முழு உருவமாக நிற்பவரின் முகம் அந்தப் படத்தில் 8 மில்லிமீற்றர் உயரம்தான் இருக்கும், ஸ்கேனில் சுமார் 190 பிக்சல். ஒரு கண் முப்பது பிக்சலுக்குள் முடிந்துவிடும். அதற்குள் இமை மயிர் இல்லை, விழியின் நிறம் இல்லை. ஒரு கரிய கோடும் அதன் கீழே சற்று வெளிறிய புள்ளியும் மட்டுமே. 2400 புள்ளியில் ஸ்கேன் செய்தாலும் தாளின் மணிகள், அதாவது பொடிப் புள்ளிகள்தான் பெரிதாகும், கண் தெளியாது. வரையும்போது இந்த முப்பது பிக்சலை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பட்டுத் துணியின் நெசவுபோலச் சொரசொரப்பான தாளில் அச்சிட்ட படங்களை ஸ்கேன் செய்தால் ஆயிரம் சிறு மினுக்கங்கள் விழும். ஒரு முறை ஸ்கேன் செய்து, படத்தை 180 பாகை திருப்பி இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி முதலாவதின் மேல் வைத்து, மேல் லேயரின் (படலத்தின்) அடர்த்தியைப் பாதியாக்கினால், எதிரெதிர்த் திசையில் விழுந்த மினுக்கங்கள் பெருமளவு அடங்கிவிடும்.

கண்ணாடிப் பிரேமுக்கு ஸ்கேனர் சரிவராது. கடைகளில் இருக்கும் மெல்லிய ரகம் தன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாளை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும், 2 மில்லிமீற்றர் தள்ளினாலே மங்கிவிடும். வெயில் நேரே விழாத விறாந்தையில் படத்தை வைத்துப் போனால் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். கிட்டப் போகாமல், சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் வளையாது. ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்குத் துளை போட்டு, அதற்குப் பின்னால் போனைப் பிடித்தால் உங்கள் சட்டையும் தென்னை மரமும் கண்ணாடியில் விழாது.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, திகதி, யாரோ எழுதிய பெயர், எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நிறத்தைத் திருப்புதல்

அந்தக் காலக் கலர்த் தாள்கள் பலவற்றில், அல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் முதலில் போவது சயன் சாயம். சிவப்பு ஒளியைத் தடுப்பது அதுதான் என்பதால், அது போனதும் படம் முழுக்கச் சிவக்கிறது. இலவசப் படத் திருத்த மென்பொருளான கிம்ப்பில் கலர்ஸ், லெவல்ஸ் போய் சிவப்பு சனலைத் தேர்ந்தால், ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம் பூச்சியத்தில் தொடங்காமல் 80, 90 என்று தள்ளித் தொடங்குவது தெரியும். கறுப்பு முக்கோணத்தை அது தொடங்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். பச்சை, நீல சனல்களிலும் இரு முனைகளையும் வரைபடம் தொடங்கி முடியும் இடங்களுக்குக் கொண்டுவாருங்கள். படம் கண்முன்னே திரும்பி வரும். இந்த வேலையில் மனம் குளிரும் இடம் இதுதான். வெள்ளை வேட்டி வெள்ளையாகிவிட்டதா என்று மட்டும் பார்த்து முடித்துவிடாதீர்கள். வெளியில் எடுத்த படத்தில் வேட்டி மடிப்பின் நிழல் வானத்தை வாங்கிச் சற்று நீலமாக இருப்பதே இயல்பு.

கறுப்பு வெள்ளைக்குக் கலர் கொடுப்பதென்றால், கேட்க வேண்டிய முதல் ஆள் வீட்டில் மூத்தவர். சிவப்புச் சீலையும் பச்சைச் சீலையும் ஒரே சாம்பலாக விழுந்திருக்கும். இன்னும் பழைய பிலிம் வகை ஒன்று சிவப்பு ஒளியை உணராதது. அதில் குங்குமப் பொட்டு கன்னங்கரேலென்று விழும், உதடு கறுக்கும், வானம் வெறும் வெள்ளையாகும். நெற்றியில் கறுப்பாகத் தெரிகிறது என்பதற்காகச் சாந்துப் பொட்டு என்று முடிவுகட்டினால், ஒரு சுமங்கலியின் குங்குமத்தை அழித்தவராவீர்கள்.

தோல் நிறத்தில் வேறொரு தொல்லை. முகப் பவுடரும் ரீடச்சிங்கும் சேர்ந்து ஸ்டூடியோக்காரர் ஏற்கெனவே ஆளை ஒரு படி வெளுப்பாக்கியிருப்பார். “இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்கோ” என்று உறவினரும் கேட்பார்கள். அதே ஆள் வெளியில் நிற்கும் ஒரு படத்தைக் கேட்டு வாங்கி, அந்த நிறத்தையே போடுங்கள்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்றும் ஒரு தரம் பாருங்கள். பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சிட்டவை நிறைய. சீலை முந்தானை வழக்கமாக அணிந்தவரின் இடத் தோளில். ஆண்களின் சட்டையில் பொத்தான் அணிந்தவரின் வலப் பக்கம், துளை இடப் பக்கம். இரண்டும் மாறியிருந்தால் படமே கவிழ்ந்திருக்கிறது.

தூசியும் மூக்குத்தியும்

கீறல், தூசி நீக்கும் வேலையை எப்போதும் தனி லேயரில் செய்யுங்கள். அடியில் அசல் ஸ்கேன் கைபடாமல் இருக்க வேண்டும். வானம், மணல், சுவர் ஆகியவற்றில், சுற்றியுள்ள நிறத்தைக் கலந்து மூடும் ஹீல் கருவியைத் தாராளமாக ஓடவிடலாம். தாடைக் கோடு, மூக்கு ஓரம் போன்ற விளிம்புகளில் அது இரு பக்க நிறத்தையும் குழைத்துச் சேறாக்கும். அங்கே, ஓரிடத்தை அப்படியே இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் கருவியைச் சிறிய அளவில் வைத்து, விளிம்பு போகும் திசையிலேயே இழுங்கள்.

தானாகத் தூசி நீக்கும் பொத்தானை முகத்தின் பக்கம் விடவே வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளி தூசியல்ல, ஸ்டூடியோ விளக்கின் பிரதிபலிப்பு. அது போனால் கண் செத்துவிடும். மூக்குத்திக் கல்லின் மினுக்கமும் காதுத் தோட்டின் ஒளியும் அந்தப் பொத்தானுக்குத் தூசிதான்.

இப்போது போனில் கிடைக்கும், முகத்தைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இதே கணக்கில் சேருங்கள். முப்பது பிக்சல் கண்ணிலிருந்து முந்நூறு பிக்சல் கண் வருகிறதென்றால், மிச்சம் எங்கிருந்து வந்தது? வேறு ஆயிரம் பேரின் முகங்களிலிருந்து. பல் வரிசை அழகாகும், இமை எண்ணக்கூடியதாகும், பிள்ளைகள் பார்த்து “வடிவா இருக்கு, ஆனா அப்பா மாதிரி இல்லை” என்பார்கள். பின்னணிக்கும் உடைக்கும் பயன்படுத்துங்கள். முகத்துக்கு லேயர் மாஸ்க் (மேல் லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி) போட்டு அசலையே காட்டுங்கள்.

இரண்டு படங்களை ஒன்றாக்குதல்

கலியாணப் படத்தில் இல்லாமல் போனவரைச் சேர்த்துத் தரச் சொல்வது அடிக்கடி வரும் கோரிக்கை. இரு படங்களிலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். எதிரெதிராக விழுந்தால் ஒருவரைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வகிடு, மச்சம், சற்று ஏறிய புருவம் எல்லாம் பக்கம் மாறிவிடும். என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் தாய்க்குப் பிழை தெரியும். வேறு படம் தேடுவது நல்லது. கிடைக்காவிட்டால் இருவரின் முக நிழலையும் பாதியாகத் தணித்து, மேகமூட்ட வெளிச்சம்போலச் சமப்படுத்துங்கள். கூர்மையான படத்தை மங்கல் படத்தின் அளவுக்கு இறக்கி, இரண்டிலும் ஆகக் கரிய இடங்கள் ஒரே கருமையில் இருக்கும்படி சரிக்கட்டி, கடைசியில் முழுப் படத்துக்கும் ஒரே மணி தூவினால் ஒட்டு மறையும்.

பின்னணி மாற்றும்போது இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு சூரியோதயம். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கடல் கிழக்கே இருக்கிறது. கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் நல்ல வெயில் விழுந்திருந்தால் அந்தப் படம் பின்னேரத்தில் எடுத்தது, சூரியன் மேற்கே, கமராக்காரரின் முதுகுப் பக்கம். அவருக்குப் பின்னால் கடலில் செஞ்சூரியனை எழுப்பிவிட்டால் ஆளுக்கு முன்னும் பின்னும் இரண்டு சூரியன். காலைச் சூரியன் வேண்டுமென்றால் முகம் நிழலாக வேண்டும், தலைமயிர் ஓரத்தில் ஒளிக் கோடு வர வேண்டும். அதாவது முகத்தைப் புதிதாக ஊகிக்க வேண்டும். வேண்டாம், பின்னேரக் கடலையே வரையுங்கள். அந்த நேரம் கடலின் நீலம் ஆழமாக இருக்கும், அடிவானத்து மேகம் மட்டும் இளஞ்சிவப்பு.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையைப் பின்னால் வைப்பதானால் இன்றைய படத்தைப் பார்த்து அப்படியே வரையாதீர்கள். இன்று கோணேசர் கோயிலில் பளிச்சென்று தெரியும் பெரிய சிவன் சிலை 1970களின் படத்துக்குள் வர முடியாது.

கணினியில் ஓவியம்

கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதும். திருத்திய படத்தை அடியில் வைத்துப் பூட்டுங்கள். அதன் பிரதி ஒன்றைச் சற்று மங்கலாக்கி, போஸ்டரைஸ் பில்டர் மூலம் ஐந்து ஒளிப் படிகளாகச் சுருக்குங்கள். முகம் ஐந்து திட்டுகளாக உடைந்து தெரியும். அதுதான் உங்கள் வரைபடம். புதிய லேயரில் அந்தத் திட்டுகளைப் பெரிய பிரஷால் போடுங்கள். சிறிய பிரஷை முதல் ஒரு மணி நேரம் தொடாதீர்கள். படத்திலிருந்து நிறத்தைக் கருவியால் உறிஞ்சி உறிஞ்சி எடுப்பவரின் ஓவியம் அழுக்காகவே முடியும், ஏனென்றால் கமரா நிழலைக் கறுப்பாக அமுக்கிவிடுகிறது. நிழலில் கருஞ்சிவப்பும் நீலமும் இருக்கும். அவற்றை நீங்கள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“ஒயில் பெயின்ட்” என்று பெயர் போட்ட பில்டர் கண்ணுக்கும் காதுக்கும் மணலுக்கும் ஒரே அளவு கோடு போடும். ஓவியர் அப்படிப் போடமாட்டார். மணலுக்கு ஒரு கை அகலம், கண்ணுக்கு ஒரு மயிர் அகலம்.

அச்சுக்கு மட்டும் என்றால் இங்கே முடிந்துவிடும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கூடிய வெளிச்சத்தில் திருத்திய படம் அச்சில் கறுத்துத்தான் வரும். எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில் சேமித்து, பென் டிரைவில் கொண்டுபோங்கள். வட்சப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், டொக்கியூமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது. கடையில் தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முழு அளவுக்கு முன் முகம் இருக்கும் பகுதியை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டுப் பார்ப்பது மலிவு.

கன்வஸில்

கடையில் கிடைக்கும் 16 × 20 கன்வஸில் நம் படம் அடங்காது. அகலம் 16க்கு விரித்தால் உயரம் 23 அங்குலத்துக்கு வரும், மூன்று அங்குலம் வெட்ட வேண்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது கால். 14 × 20 சட்டத்தைத் தச்சரிடம் சொல்லிச் செய்விப்பது நல்லது. கணக்கும் நேராக வரும்: அச்சிட்ட படத்தில் அரை அங்குலக் கட்டம் 7 × 10, கன்வஸில் இரண்டு அங்குலக் கட்டம் அதே 7 × 10. முகம் இருக்கும் கட்டங்களை மட்டும் மறுபடி நாலாகப் பிரியுங்கள். கட்டத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள் முழு அளவில் அச்சிட்டு, தாளின் பின்னால் 6பி பென்சிலைப் பூசித் தேய்த்து, கன்வஸில் வைத்துக் கோடுகளின் மேல் அழுத்தி வரையலாம். பெயின்ட் பூசும் முன் கட்டக் கோடுகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிர் வானத்தில் எட்டிப்பார்க்கும்.

கன்வஸை அடிக்கும் ஸ்டேப்பிள் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். சாதாரண இரும்பு கடற்காற்றில் துருவேறி, ஓரத்தில் பழுப்புக் கறை ஊறிவரும். ஜெசோ எனும் வெள்ளை அடிப்பூச்சு மூன்று தரம்; ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 மணல் கடுதாசியால் தேய்க்க வேண்டும்.

அக்ரிலிக்கா ஒயிலா என்பதை நாட்கணக்கு தீர்மானிக்கும். இறந்தவருக்கான 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வேண்டுமென்றால் அக்ரிலிக்தான். ஒயில் தொடக்கூடிய அளவுக்குக் காயவே பல நாள் எடுக்கும்; தடிப்பான பூச்சுக்கு இறுதி வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஓவியத்தைக் கொடுக்க வேண்டாம், திருத்திய கறுப்பு வெள்ளைக் கோப்பைக் கொடுங்கள். அச்சில் அதுதான் தெளிவாக விழும்.

அக்ரிலிக்குக்கு இங்கே வறண்ட கச்சான் காற்றுதான் வில்லன். வைகாசி, ஆனி மாதங்களில் தட்டில் பிதுக்கிய பெயின்ட் பத்து நிமிடத்தில் தோல் கட்டும். ஒரு தட்டையான பெட்டியில் நனைத்துப் பிழிந்த துணியை மடித்து வைத்து, மேலே கேக் சுடும் தாளை விரித்து, அதன்மேல் பெயின்ட் வைத்தால் மூடிபோட்டு இரண்டு நாளுக்கும் வைத்திருக்கலாம். மின்விசிறிக்கு நேரே இருந்து வரையாதீர்கள். தண்ணீர் உவர்க்கிணற்றில் எடுத்ததாக இருக்கக் கூடாது. கருமையான மெல்லிய பூச்சு காயும்போது உப்பு வெள்ளையாகப் பூக்கும்.

ஏழு நிறம் போதும்: டைட்டேனியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், லெமன் மஞ்சள், பேர்ன்ட் சியன்னா, பேர்ன்ட் அம்பர், கிரிம்சன், அல்ட்ராமரீன் நீலம். கறுப்பு வாங்க வேண்டாம், அம்பரும் அல்ட்ராமரீனும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள கருமை வரும். நம்மவர் தோலுக்கு நடு நிறம்: சியன்னா இரண்டு பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, நீலம் பிரஷ் நுனியில் தொட்ட அளவு. நிழலுக்கு அம்பரும் நீலமும் கூட்டுங்கள். வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளையை நேரே கலந்தால் முகம் சாம்பல் பூசியதுபோலாகும். முதலில் ஓக்கரால் உயர்த்தி, பிறகே துளி வெள்ளை. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வரும் மினுக்கம் கடற்கரையில் சற்று நீலம் கலந்தது; வானம் அங்கே பட்டுத் தெறிக்கிறது. அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும் என்பதால், கலந்ததைத் துண்டுத் தாளில் பூசி, காயவிட்டுப் பார்த்தே முகத்தில் வையுங்கள்.

கன்வஸில் முகம் 32 மில்லிமீற்றர்தான் வரும். 2ஆம் இலக்க உருண்டைப் பிரஷுக்கு மேல் நுணுக்கம் வேண்டாம். கண் குழியின் நிழல் ஒரு தொடுகை, மேல் இமைக்கோடு ஒரு தொடுகை, அதன்கீழ் வெளிறல் ஒரு தொடுகை. ஆறடி தள்ளி நின்று பாருங்கள். ஆள் தெரிகிறாரென்றால் கையை எடுத்துவிட வேண்டும். இமை மயிர் போடத் தோன்றும் அந்த நேரத்தில்தான் முகம் பறிபோகும்.

வார்னிஷும் சுவரும்

இரண்டு வாரம் காயவிட்டு, மழையில்லாத நாளின் மதியத்தில் வார்னிஷ் அடியுங்கள். ஈரக் காற்றில் அடித்தால் பால்போல வெண்மை படரும், அது கருமையான பகுதிகளில்தான் முதலில் தெரியும். இரண்டு மெல்லிய பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக. மண்டபத்தில் யன்னலுக்கு எதிரே மாட்டுவதென்றால் மினுக்கம் இல்லாத வகையை வாங்குங்கள்.

பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும், சுவர்ப் பக்கமாக, போத்தல் தக்கைத் துண்டை ஒட்டிவிடுங்கள். அந்த அரை அங்குல இடைவெளியில் காற்று ஓடினால் மாரியில் சுவர் ஈரம் கன்வஸுக்கு ஏறாது. கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் அட்டையாவது வேண்டும். பின்புறச் சட்டத்தில் பென்சிலால் ஆளின் பெயர், அசல் படத்தின் ஆண்டு, ஓவியம் முடித்த திகதி.

மாலை போடுவார்கள், விளக்கும் வைப்பார்கள். ஈரப் பூமாலை கன்வஸைத் தொட்டுக்கொண்டு தொங்கினால் மஞ்சள் கறை விழும். பிரேமுக்கு வெளியே இரு பக்கமும் தனி ஆணி அடித்துக் கொடுத்துவிடுங்கள். விளக்குத் திரி படத்தின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டடியாவது கீழே, சற்று முன்தள்ளி இருக்கட்டும். படியும் புகைக்கரியை நன்றாகப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாக ஒற்றி எடுக்கலாம், சவர்க்காரம் வேண்டாம்.